கல்லாவுக்கு ஒரு கடிகாரம், கிடங்குக்கு ஒரு கடிகாரம்

கைப்பேசி வந்த பிறகு கைக்கடிகாரம் எதற்கு என்று கேட்கும் வணிக அன்பர்கள் உண்டு. எண்ணெயும் வெல்லமும் பட்ட கையால் நாள் முழுக்கக் கைப்பேசியை எடுத்து மணி பார்க்க முடியுமா? வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது அதை எடுப்பது மரியாதையும் அல்ல. கடையில் நிற்பவருக்குக் கடிகாரம் இன்றும் தேவையே. தீபாவளிக்கு ஊழியர்களுக்கு வாங்கித்தர நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

விலை குறைந்தவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஜப்பானின் காசியோ நிறுவனத்துடையவை. ஒன்று, 1989-இல் வந்து இன்றும் விற்பனையில் உள்ள எஃப்-91டபிள்யூ. எண்ணில் மணி காட்டுவது. மற்றது எம்.க்யூ-24, மூன்று முள் கொண்டது. இரண்டும் பிளாஸ்டிக் உடல், ஏறத்தாழ 20 கிராம் எடை. இரண்டையும் நடத்துவது விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். மாதத்துக்கு எண் கடிகாரம் 30 விநாடி, முள் கடிகாரம் 20 விநாடி முன்பின் போகலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. நம் தொழிலுக்கு இது ஒரு வித்தியாசமே அல்ல.

வித்தியாசம் உபயோகத்தில் இருக்கிறது. கல்லாவில் அமர்ந்து பில்லும் காசோலையும் எழுதுபவருக்குத் தேதி வேண்டும். எண் கடிகாரத்தில் தேதி, கிழமை, அலாரம் எல்லாம் உண்டு. பாட்டரி சுமார் 7 ஆண்டு வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிப்ரவரிக்கு 28 நாள் என்றே அதற்குத் தெரியும். 2028 பிப்ரவரி 29 அன்று தேதியை 1 என்று காட்டும். நாம்தான் திருத்த வேண்டும். பார்க்காமல் எழுதினால் அன்றைய பில் அத்தனையும் தவறான தேதியில் போகும்.

கிடங்கில் லாரி ஏற்றுபவருக்குத் தேதி முக்கியமல்ல. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே முக்கியம். 9.47 என்று எண்ணில் பார்த்தால் பத்து மணிக்கு எத்தனை நிமிடம் என்று கழிக்க வேண்டும். முள்ளைப் பார்த்தால் ஏறக்குறைய கால் மணி என்று கண்ணே சொல்லிவிடும். தராசில் கால், அரை, முக்கால் என்று பழகிய நமக்கு இது இயல்பு. வயதானவர்களுக்கும் முள்ளே வசதி. குறை என்னவென்றால், தேதி கிடையாது, இருட்டில் பார்க்க விளக்கு கிடையாது, பாட்டரி சுமார் 2 ஆண்டுதான். எண் கடிகாரத்தில் சிறு விளக்கு உண்டு; அதன் வெளிச்சமும் குறைவே.

இரண்டும் தண்ணீர்த் துளி தாங்கும், முழுக்குத் தாங்காது. கட்டிக்கொண்டு குளிக்க வேண்டாம்.

எஃப்-91டபிள்யூவில் போலிச் சரக்கு ஏராளம். வலப்பக்கப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் காசியோ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் தோன்ற வேண்டும். இது ஒன்றையே நம்பாமல், தெரிந்த கடையில் பில்லுடன் வாங்குங்கள். பில் இல்லாத சரக்கை நாம் கொள்முதல் செய்வோமா?

ஒரே மாதிரியாகப் பத்து வாங்கினால் விலை குறையும் என்று பார்க்காதீர்கள். யார் கையில் கட்டப்போகிறது, அவருக்கு என்ன வேலை என்று முதலில் கேளுங்கள். வேலைக்குப் பொருந்தாத கடிகாரம் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். போட்ட முதலும் அங்கேயே முடங்கும்.