கணிப்பொறியில் சங்க ஏடுகளின் இருப்பிடம்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் ஏடுகளே என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். முன்னாளில் இரும்பு அலமாரியில் பூட்டப்பெற்ற அவ்வேடுகளுட் பல இன்று கணிப்பொறிக்குள் குடிபுகுந்துள்ளன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. எனினும், பொது மென்பொருளில் ஏறாத கடிதங்கள், தீர்மான நகல்கள், நூல் வழங்கிய பட்டியல்கள், நெசவுக் கூலிக் கணக்குகள் முதலியன காரியதரிசியின் சொந்தக் கோப்புறைகளிலேயே தங்குகின்றன.

விண்டோஸ் அமைப்பு ‘டாக்குமெண்ட்ஸ்’ முதலிய கோப்புறைகளைத் தானாகவே ‘சி’ டிரைவில் வைக்கிறது. அமைப்பு குடியிருப்பதும் அங்கேயே. ஆகவே, பழுது பார்ப்பவர் ‘சி’யை அழித்து அமைப்பைப் புதிதாக நிறுவினால், ஏடுகளும் உடன் அழியும். செஞ்சி வட்டாரத்தில் நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில் இவ்வாறே நேர்ந்தது. நெசவாளர்களின் கைப்புத்தகங்களைக் கொண்டு கூலிக் கணக்கை மீண்டும் எழுதி முடிக்கும் வரை பட்டுவாடா நின்றது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றமையால், இத்தகைய புது நிறுவல்கள் இனியும் பல இடங்களில் நேரும்.

பரிகாரம் எளிது. கணிப்பொறியில் ‘டி’ டிரைவ் இருப்பின், அதனுள் ‘சங்கம்’ என்றொரு கோப்புறையும், அதனுள் ‘ஏடுகள்’ என்று மற்றொன்றும் அமைக்க. பின்னர் ‘டாக்குமெண்ட்ஸ்’ மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்து, ‘லொகேஷன்’ பகுதிக்குச் செல்க. ‘மூவ்’ என்பதை அழுத்தி, ‘ஏடுகள்’ கோப்புறையைத் தேர்ந்து, ‘அப்ளை’ கொடுக்க. பழைய கோப்புகளையும் மாற்றலாமா என்று கணிப்பொறி வினவும்; ‘யெஸ்’ என்க.

மூன்று எச்சரிக்கைகள் உள. ‘டி’ டிரைவின் தலைவாயிலையே இடமாகத் தேர்தல் கூடாது, உட்கோப்புறை இன்றியமையாதது. இரண்டு சொந்தக் கோப்புறைகளை ஒரே இடத்திற்கு மாற்றினால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘ஒன்டிரைவ்’ சேமிப்பு இயங்கும் கணிப்பொறியில், ‘டாக்குமெண்ட்ஸ்’ அதன் பொறுப்பில் உள்ளதா என முதலில் காண்க. இருப்பின், அக்கோப்புறையின் சேமிப்பை நிறுத்திய பின்னரே மாற்றுக.

இடம் மாற்றுவதும் நகல் எடுப்பதும் ஒன்றன்று என்பதை நிர்வாகஸ்தர்கள் உணர்தல் வேண்டும். பல கணிப்பொறிகளில் ‘சி’யும் ‘டி’யும் ஒரே வட்டின் இரு கூறுகளே, வட்டு கெடின் இரண்டும் கெடும். செஞ்சிக் கோட்டையைக் கட்டியோர் இராஜகிரியின் அடிவாரத்திலும் களஞ்சியம் எழுப்பினர். கிருஷ்ணகிரியின் மீதும் எழுப்பினர். அம்முறையைப் பின்பற்றி, வாரம் ஒருமுறை வெளி வட்டு ஒன்றில் நகல் எடுத்து, அதனைக் கணிப்பொறியினின்று கழற்றி அலமாரியில் பூட்டி வைத்தல் நலம்.

கணிப்பொறியைப் பழுதுக்கு அனுப்புமுன், ‘சி’யை மட்டுமே அழிக்கலாம் என எழுத்து மூலம் தெரிவிக்க. புது அமைப்பு நிறுவப்பெற்றதும், முற்கூறிய முறையிலேயே ‘டாக்குமெண்ட்ஸை’ ‘டி’யிலுள்ள ‘ஏடுகள்’ கோப்புறையுடன் மீண்டும் இணைக்க. அரைமணி நேரத்தில் முடியும் இவ்வேலை, உழவரின் பயிர்க்கடன் விண்ணப்பத்திற்கும் நெசவாளரின் கூலிக்கும் காவலாக நிற்கும்.