ஒயில் விளக்கு எரிந்தால் எஞ்சின் போய்விட்டதா?

ஹயர் ஓடுவோர், கடைகளுக்குச் சாமான் விநியோகிப்போர், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவோர் எனப் பழைய டீசல் வாகனமொன்றை நம்பிச் சீவியம் நடத்தும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், மாற்றியிருக்க வேண்டிய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓடினோம். இறக்குமதி திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை சிறு வியாபாரிக்கு எட்டும் உயரத்தில் இல்லை. ஆகவே இருபது, இருபத்தைந்து வருடம் உழைத்த டீசல் எஞ்சின்களே இன்றும் பலருக்குச் சோறு போடுகின்றன.

உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "எஞ்சின் சூடானதும் ஒயில் விளக்கு மினுங்குது, கராஜில முழு எஞ்சினும் செய்யச் சொல்றாங்க." இந்த ஒரு வசனத்தில் சில இலட்சங்கள் தங்கியிருக்கின்றன. தேவையில்லாமல் எஞ்சினைக் கழற்றி நகையை அடகு வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓடி, சிறு செலவில் முடிந்திருக்க வேண்டியதைப் பெரும் நட்டமாக்கிக் கொண்டவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அளந்து பார்க்காமல் முடிவெடுத்தது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

ஒயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஒயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்பட்ட ஒயில் கிராங்க் ஷாப்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியால் வெளியேற முடியாமல் தடைப்படும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. நல்ல எஞ்சினில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்களவே இருக்கும். தேய்ந்து 0.10 மில்லிமீற்றரை எட்டினால் பொதுவாக அதுவே எல்லை. இடைவெளி இருமடங்கானால் ஒயில் கசிவும் இருமடங்காகும் என்று நினைக்க வேண்டாம். அது எட்டு மடங்காகும்.

அடுத்தது சூடு. நாம் பாவிக்கும் 15டபிள்யூ-40 ஒயில் 40 பாகை செல்சியஸில் இருக்கும் தடிப்பை விட 100 பாகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக இளகிவிடும். காலையில் ஒழுங்காக இருக்கும் எஞ்சின், தூரப் பயணம் போய் வந்து ஐட்லிங்கில் நிற்கும்போது விளக்கைக் காட்டுவது இதனால்தான்.

முதலில் செலவில்லாத சோதனைகள்

ஓடிக்கொண்டிருக்கையில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். "வீடு வரைக்கும் போய்விடுவோம்" என்ற எண்ணமே பெயாரிங்கை உருக்கும். டேர்போ உள்ள எஞ்சின் என்றால் முதலில் சாவது டேர்போவாகவும் இருக்கலாம்.

பின்னர் சமதரையில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் காரணம் வெளிப்படை. கூடியிருந்தால் அதுதான் கவலைக்குரியது. முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் பழுதான இன்ஜெக்டரிலிருந்து சொட்டும் டீசல் ஒயிலோடு கலந்து அதை இளக்கியிருக்கலாம். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. இவ்விரண்டிலும் பெயாரிங்கை மாற்றுவது நோயை விட்டுவிட்டு நிழலுக்கு மருந்து போடுவதாகும்.

மூன்றாவது, ஒயில் சுவிட்ச். விளக்கு எரிகையில் சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். விளக்கு அணையாவிட்டால் வயர் எங்கோ பொடியில் உரசுகிறது. அணைந்தால் சுவிட்ச் பழுதா, உண்மையிலேயே அழுத்தம் குறைவா என்பதை அளந்துதான் அறியலாம். எஞ்சினோடு ஒப்பிட்டால் சுவிட்சின் விலை ஒன்றுமேயில்லை. ஒயில் பில்டரையும் சந்தேகியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணையச் சில செக்கன்கள் பிடித்தால், இரவில் ஒயிலைத் தடுத்து வைக்கும் வால்வு இல்லாத போலிப் பில்டராக அது இருக்கலாம்.

அளவுமானி சொல்லும் கதை

சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள்ளுள்ள அளவுமானியொன்றைப் பூட்டி அளப்பதே உண்மையான சோதனை. டொயோட்டாக்களில் அந்தத் துளை பிரித்தானியப் புரியில் அமைந்தது. அமெரிக்கப் புரியுள்ள நிப்பிளைப் பலாத்காரமாக முறுக்கினால் புரி கெட்டுவிடும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

கொரோலா டீசல் காரில் வந்த 2-சி, ஹயஸ் வேனில் வந்த 3-எல் போன்ற எஞ்சின்களுக்கு, சூடான நிலையில் ஐட்லிங்கில் ஏறத்தாழ 4 பி.எஸ்.ஐ., 3,000 சுற்றில் ஏறத்தாழ 36 பி.எஸ்.ஐ. என்பதே குறைந்தபட்ச அளவு. ஐட்லிங்கில் இவ்வளவு சிறிய எண்ணா என்று பலர் ஆச்சரியப்படுவர். 10 பி.எஸ்.ஐ. காட்டும் பழைய எஞ்சினைக் கழற்றச் சொல்வோர் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

குளிரில், சூட்டில், வேகத்தில் என மூன்று அளவுகளையும் எழுதி வையுங்கள். குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் ஐட்லிங்கில் விழுந்து, வேகம் கூட்டினால் ஏறினால் பெயாரிங் தேய்வு அல்லது இளகிய ஒயில். எல்லா நிலையிலும் குறைவாக இருந்தால் பம்ப் தேய்வு அல்லது திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு. வேகம் கூட்டக் கூட்ட முள் விழுந்தால் உறிஞ்சும் குழாயின் கம்பி வலை அடைபட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஹயர் ஓடும் ஒரு சகோதரர், "நாநா, ரீகண்டிஷன் எஞ்சின் ஒண்டு பாத்துத் தாங்க" என்று வந்தார். முதலில் அளப்போம் என்றேன். சூட்டில் ஐட்லிங் 14 பி.எஸ்.ஐ., 2,000 சுற்றில் 30. அதற்கு மேல் கூட்டியபோது முள் நடுங்கிக்கொண்டு 18க்கு இறங்கியது. சம்பைக் கழற்றிப் பார்த்தால், முன்பு எவரோ கஸ்கட்டுக்குப் பதிலாக அள்ளிப் பூசிய சிலிக்கன் பசை துண்டு துண்டாகக் கழன்று கம்பி வலையை மூடியிருந்தது. ஒரு பெயாரிங் மூடியைத் திறந்தும் பார்த்தோம், கீறலில்லை. வலையைக் கழுவி, புதிய ஒயிலும் பில்டரும் போட்டதோடு வேலை முடிந்தது. நான் ஓர் எஞ்சின் விற்கவில்லை. அவர் தவணை கட்டத் தவறவில்லை.

வாங்குவோர் கவனத்திற்கு

பழைய வாகனம் விற்போரில் சிலர் 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயிலை நிரப்பி விளக்கை மறைப்பதுண்டு. அது தேய்ந்த பெயாரிங்கைத் திருத்தாது. சில காலம் பேசாமலிருக்கச் செய்யும். இன்னும் சிலர் வயரையே கழற்றிவிடுவர். ஆகவே, திறப்பைத் திருப்பி எஞ்சினை இயக்காமல் பாருங்கள்; ஒயில் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் விலை பேச வேண்டாம். எரிந்தால் அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு மீண்டும் பாருங்கள்.

உண்மையிலேயே பெயாரிங் தேய்ந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். கிராங்க் ஷாப்டில் கீறல் விழாதவரை பெயாரிங் மாற்றுவதோடு தப்பலாம். கீறல் விழுந்தால் லேத்தில் கடைந்து 0.25 மில்லிமீற்றர் தடித்த பெயாரிங் போட வேண்டும். அடிச்சத்தம் கேட்கும்வரை ஓடினால் மொத்தமும் போகும். ரிங் மட்டும் மாற்றினால் புகை குறையலாம், அழுத்தம் திரும்பாது. பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் எஞ்சின் எடுப்பவர்களும் இயக்கிச் சூடாக்கி அளந்து காட்டக் கேளுங்கள். இயக்க வழியில்லையென்றால் சம்பையாவது திறந்து காட்டட்டும்.

ஒரு அளவுமானி ஒரு தடவை ஒயில் மாற்றும் செலவுக்குள் அடங்கும். ஹயர் ஓடும் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சினைக் கழற்றச் சொல்லும் எவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "சூட்டில் எத்தனை காட்டியது?" அதற்கு எண்ணால் பதில் சொல்லாதவரிடம் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.