புதிய கேம் மெஷின்: வந்தவுடன் வாங்கலாமா?

மன்னார் டவுனில் பிள்ளைகளுக்கு மணித்தியாலக் கணக்கில் வீடியோ கேம் விளையாடக் கொடுக்கும் சகோதரர் ஒருவர், "நானா, அடுத்த பிளேஸ்டேஷன் வந்ததும் எடுத்துவிடவா?" என்று கேட்டார்.

முன்பென்றால், "பொறுங்கள், விலை இறங்கும்" என்றிருப்பேன். 2006இல் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 3இன் பெரிய மாடல் 599 டொலர். 2009இல் வந்த மெலிந்த மாடல் 299தான். ஆனால் 2020இல் 500 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஓகஸ்டில் 550 ஆனது! ஆகவே பொறுத்தால் இலாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

கையிலுள்ள டிஸ்க்குகளைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3இன் டிஸ்க் 4இல் ஓடவில்லை. 4இன் கேம்கள் பெரும்பாலும் 5இல் ஓடும். அதிலும் டிஸ்க் போட முடியாத மலிவு மாடலை எடுத்தால், வாங்கி வைத்த டிஸ்க்கெல்லாம் முடங்கிவிடும். புது மெஷினுக்காகப் பிள்ளைகள் மணித்தியாலத்துக்குக் கூடுதலாகத் தருவார்களா என்பதையும் முதலில் விசாரியுங்கள்.

வட்டிக்குத் தவணை போட வேண்டாம். கைக்காசில் ஒன்று மட்டும் எடுங்கள், பழையதை விற்காதீர்கள் என்றேன்.

"பக்கத்துக் கடைக்காரர் முந்திவிட்டால்?"

"முந்தட்டும். டுபாயிலிருந்து கொண்டுவந்தது பழுதானால் எங்கே திருத்துகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்."