உஷார்! புது கிங்பின் போட்ட லாரியும் கையை விட்டுப் போகும்

பழைய லாரிக்கு முன்பக்க வேலை முடித்துப் பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உடனே லோடு ஏற்றாதீர்கள். கிங்பின் தேய்ந்த வண்டி ஆபத்து என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். ஸ்டீரிங்கில் ஆட்டம் தெரிந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்கள். ஆனால் புது சாமான் போட்ட வண்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை. முழு லோடுடன், முழு நம்பிக்கையுடன், நேராக மலைப்பாதைக்கு விடுகிறோம். அரைகுறை வேலை உயிரை வாங்குவது அங்கேதான்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒற்றை வண்டியை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. அதுவரை தள்ளிப்போட்ட வேலையெல்லாம் தேதி நெருங்கும்போது ஒரே மூச்சில் நடக்கும். அந்த அவசரத்தில் என்னென்ன விட்டுப்போகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில், எது தேய்ந்தது என்று சரியாகப் பாருங்கள். முன் ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்து, கட்டாயம் ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். உடனே கிங்பின் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால்தான் கிங்பின், புஷ். டை ராடு எண்டுக்கும் டிராக் லிங்க்குக்கும் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்ப, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். ராடு அசைந்த பிறகு தாமதித்து ஆர்ம் அசைந்தால், அந்த மூட்டு போய்விட்டது.

சிக்கிக்கொண்ட பழைய கிங்பின்னைக் கழற்ற கேஸ் வைத்துச் சூடு காட்டுவது பல பட்டறைகளில் வழக்கம். இதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். ஸ்டப் ஆக்ஸில், ஸ்டீரிங் ஆர்ம் எல்லாம் அடித்து உருவாக்கி, பதம் ஏற்றிய இரும்பு. சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. பிறகு ஒரு நாள் பள்ளத்தில் விழும்போது தெரியும். வளைந்த ஆர்மைக் காய்ச்சி நிமிர்த்துவதும், விரிசலுக்கு வெல்டிங் வைப்பதும் கொலைக்குச் சமம். பிரஸ் வைத்துத் தள்ளட்டும், நேரம் ஆனால் ஆகட்டும்.

புது புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளையும் ஸ்டப் ஆக்ஸிலில் உள்ள நிப்பிள் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். சற்றே திரும்பி இறங்கினாலும் கிரீஸ் உள்ளே போகாது. வேலை முடிந்த நாளிலிருந்தே புஷ் காய ஆரம்பித்துவிடும். வண்டியை வெளியே எடுக்கும் முன், உங்கள் கண் முன்னால் கன் வைத்து அடித்து, மேலும் கீழும் கிரீஸ் பிதுங்குவதைப் பாருங்கள். புஷ்ஷுக்கு ரீமர் சரியாக ஓட்டாமல் பின்னை இறுக்கமாக அடித்து ஏற்றினால் இன்னொரு தொல்லை. வளைவு திரும்பிய பின் ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. சமவெளியில் கை வலியோடு போகும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அது கை வலியோடு நிற்காது.

எல்லாவற்றிலும் மோசமானது யூ போல்ட். கமான் பட்டையை மாற்றினால் யூ போல்ட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். ஒருமுறை இழுத்து இறுக்கிய போல்ட் நீண்டிருக்கும். மறுபடி அதே பிடி பிடிக்காது. புதிதாகவே போட்டாலும், முதல் லோடில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்ததும் பிடி தளரும். அப்போது ஆக்ஸிலைப் பிடித்திருப்பது சென்டர் போல்ட் ஒன்றுதான். அது அந்தப் பாரத்துக்கு ஆனதே அல்ல, அறுந்துவிடும். அறுந்தால், பிரேக் போட்டதும் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகரும். டிராக் லிங்க்கின் ஒரு முனை சேஸிஸோடு இருக்கும் ஸ்டீரிங் பாக்ஸின் ஆர்மில், மறுமுனை சக்கரத்தின் பக்கம். ஆக்ஸில் நகரலாம், லிங்க்கின் நீளம் மாறாது. அதனால் நீங்கள் ஸ்டீரிங்கை அசைக்காமலே சக்கரம் திரும்பும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில், முன்னும் பின்னும் வண்டிகள் ஓடும்போது இது நடந்தால் எந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாது.

சில வண்டிகளில் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி சரிந்த தகடு ஒன்று இருக்கும். அதன் தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்று கழற்றும்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள். திருப்பிப் போட்டால் கேஸ்டர் மாறி வண்டி ரோட்டில் அலையும். புது கிங்பின் போட்டும் அலைகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஸ்ப்ளிட் பின் விஷயத்துக்கு வருவோம். ஒரு டீ விலைகூட இருக்காது. அதைப் புதிதாகப் போடாமல் பழையதையே நிமிர்த்திச் சொருகுவதும், அதுவும் இல்லாமல் கட்டுக்கம்பியை முறுக்கி விடுவதும் எவ்வளவு பெரிய அக்கிரமம்! துளை நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னோக்கித் தளர்த்துவதும் கூடாது. நட்டின் அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும்வரை முன்னோக்கி இறுக்கித்தான் பின் போட வேண்டும். அந்த நட்டு விட்டு டை ராடு எண்டு கழன்றால் இரண்டு முன் சக்கரமும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

பட்டையோ புஷ்ஷோ ஒரு பக்கம் மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பிரேக் அடிக்கும்போது வண்டி இழுக்கும். டை ராடு எண்டு மாற்றினால் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டி கிளம்பவே கூடாது. இல்லையென்றால் முன் டயரின் ரப்பர் சில வாரத்தில் கரையும்.

வண்டியை எடுத்ததும் காலியாக, நல்ல ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயரும் பிரேக் ஹோஸும் எங்கும் உரசவில்லை என்று குனிந்து பாருங்கள். முதல் லோடு இறக்கியதும் யூ போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். அந்த முதல் லோடே மலை ஏறும் லோடாக இருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். திம்பம் ஏறும் முன் அடிவாரத்துப் பண்ணாரி கோயிலில் சூடம் ஏற்ற நிறுத்துவீர்கள் அல்லவா, அங்கேயே நான்கு யூ போல்ட்டின் எட்டு நட்டையும் ரெஞ்ச் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஏறுங்கள்.