ஐப்பசியில் திறக்கும் தோட்டக் கணக்கு

மேலைநாட்டுத் தோட்டக்கலை நூல்களில் இலையுதிர்காலம் என்பது தோட்டத்தை மூடிவைக்கும் பருவம். வட இந்தியச் சமவெளியில் நிலைமை நேர்மாறானது. தில்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான். செப்டம்பர் இறுதியில் தென்மேற்குப் பருவமழை விடைபெற்று, வெயிலின் கடுமை தணிந்ததும் அங்கே தோட்டத்தின் புத்தாண்டு பிறக்கிறது. ஐப்பசி என்றாலே அடைமழை என்று பழகிய நம்மவர், பணி நிமித்தம் தலைநகரில் குடியேறும்போது முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

ஒரு மாதத் தவணை

குளிர்காலப் பூச்செடிகளான பெட்டூனியா, பான்சி, டயாந்தஸ், ஃப்ளாக்ஸ், காலண்டுலா ஆகியவற்றின் நாற்றுகளை நடுவதற்கு அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரையிலான ஒரு மாதமே சிறந்தது. அப்போது மண்ணில் வெதுவெதுப்பு எஞ்சியிருப்பதால் வேர் விரைந்து பரவும். டிசம்பர் இறுதியில் மூடுபனி வந்த பின்னர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குள் வேரூன்றிய செடி பிப்ரவரியில் குலுங்கப் பூக்கும். தாமதமாக நட்ட செடியோ, பூக்கத் தொடங்கும்போதே மார்ச் வெயிலில் வாடும்.

குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்தத் தோட்டம் பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. அதைக் கண்டு மகிழ்ந்து, திரும்பும் வழியில் செடி வாங்குவோர் பலர். அங்கு நாம் காணும் மலர்ப்பாத்திகளின் பணி அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதை நினைவிற்கொள்வது நலம்.

பூவைப் பாராதீர், வேரைப் பாருங்கள்

நர்சரிகளில் கண்ணைக் கவர்வது பூத்து நிற்கும் தொட்டிச் செடியே. அதன் விலையில் பெரும்பாலும் ஒரு டஜன் நாற்றுகளை வாங்கிவிடலாம். ‘பனீரி’ என்று கேட்டால் கடைக்காரர் நாற்றுத் தட்டை எடுத்துக் காட்டுவார். குட்டையாகவும் தண்டு தடித்தும் நான்கைந்து இலைகளோடும் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிறி நீண்ட நாற்று நிழலில் வாடியது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும் இன்றியமையாதது. வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி ஒரு செடியில் வந்தால் வீடு முழுதும் பரவும்.

பல்லாண்டுச் செடிகளுள் கணிசமானவை கொல்கத்தா, புனே, ஆந்திரத்தின் கடியம் ஆகிய இடங்களிலிருந்து லாரிகளில் வருபவை. அவற்றின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அப்படியே தொட்டியில் புதைத்தால் நீர் உட்புகாது. சற்று நேரம் நீரில் ஊறவைத்து, வெளிமண்ணை மெல்ல உதிர்த்துவிட்டு நட வேண்டும்.

எல்லாவற்றையும் நாற்றாக வாங்க வேண்டியதில்லை. முள்ளங்கி, கேரட், பட்டாணி, வெந்தயக்கீரை, கொத்துமல்லி ஆகியவற்றை விதையாகவே நேரடியாக ஊன்றலாம். பூக்களில் ஸ்வீட்பீயும் அவ்வகையே. காலிஃபிளவருக்கும் வெங்காயத்திற்கும் நாற்றே ஏற்றது.

இப்பருவத்தின் பணிகள்

ரோஜாவைக் கவாத்து செய்ய அக்டோபரின் பிற்பாதி தக்க தருணம். காய்ந்த, நோயுற்ற, குறுக்கே ஓடும் கிளைகளை நீக்கி, அடியில் தொழுவுரம் இட்டால் டிசம்பரில் முதல் சுற்று மலர்கள் கிடைக்கும். தொட்டிகளுக்குத் தோட்டமண் இரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு என்பது எளிய கலவை. நாற்றை மாலையில் நட்டு, மூன்று நாள் நிழலில் வைத்துப் பின்னர் வெயிலுக்கு நகர்த்த வேண்டும்.

இலைமக்கைக் காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே ஆக்கலாம். வசந்தத்தில் உதிரும் சருகைக் குழியிலோ துளையிட்ட சாக்கிலோ ஈரத்துடன் அடைத்துவைத்தால், ஆடி, ஆவணி மழையில் மக்கி, நடவுக்காலத்தில் கைக்கு வரும். சருகை எரிப்பவர் தம் தோட்டத்தின் உரத்தையும் அண்டை வீட்டாரின் மூச்சுக்காற்றையும் சேர்த்தே எரிக்கிறார். தில்லியில் இலை, குப்பைகளைத் திறந்தவெளியில் எரிப்பதற்கு ₹5,000 அபராதம் விதிக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. அக்டோபர், நவம்பரில் அந்நகரின் காற்று எந்நிலையில் இருக்கும் என்பதை அங்கு வாழ்வோர் நன்கறிவர்.

வண்டிக்காரரிடமும் வாங்குவோம்

தள்ளுவண்டியில் செடி கொண்டுவரும் வியாபாரிக்கு ஆண்டின் முதன்மையான வருவாய்க் காலங்களுள் இதுவும் ஒன்று. சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பி.எம். ஸ்வநிதி திட்டம், ஈடின்றி நடைமுறை மூலதனக் கடன் அளிக்கிறது. தவணை தவறாது திருப்பிச் செலுத்துவோருக்கு அடுத்த கட்டத்தில் கூடுதல் தொகை கிடைக்கும். வண்டியில் ஒட்டியுள்ள க்யூ.ஆர். குறியீட்டில் நாம் செலுத்தும் முப்பதோ ஐம்பதோ, அவருடைய வணிகம் நடப்பதற்கான வங்கிச் சான்றாகவும் அமைகிறது. அறியாதாருக்கு இத்திட்டத்தைப் பற்றி எடுத்துச் சொல்வதும் நம்மால் இயன்ற உதவி.

மாறுதலில் போவோருக்கு

அரசுப் பணியிலும் வங்கிப் பணியிலும் உள்ள நம்மில் பலருக்கு இடமாறுதல் ஆணை கோடையில்தான் வரும். தோட்டம் போட்டு யாருக்கு விட்டுச் செல்வது என்று தயங்குவோருக்குக் குளிர்காலச் செடிகள் பொருத்தமானவை. அக்டோபரில் தொடங்கும் அவற்றின் வாழ்வு ஏப்ரலுக்குள் நிறைவுறுகிறது. காலண்டுலா, ஃப்ளாக்ஸ் ஆகியவற்றின் விதைகளை மார்ச் இறுதியில் சேகரித்து, நன்கு உலர்த்தி, காகித உறையில் பெயரும் தேதியும் எழுதி வைத்துக்கொள்ளலாம். கலப்பின வகைகளின் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தராது. அவற்றை மட்டும் அடுத்த அக்டோபரில் புதிதாக வாங்க வேண்டும். மற்றவை அனைத்தும் ஒரு சிறு உறையில் நம்முடன் அடுத்த ஊருக்கு வந்துவிடும்.