எண்ணில் கண்ட ஆனந்தம்

பஸ் டிக்கெட்டில் ஏதாவது நான்கு இலக்கம். 1947 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள்: 9741 - 1479 = 8262. வரும் விடைகளையும் இதேபோல் கழித்தால் 6354, 3087, 8352, கடைசியில் 6174. அதற்கு மேல் நகராது. நான்கும் ஒரே இலக்கமாக இல்லாதவரை, முன்னால் வரும் பூஜ்யத்தை விடாமல் எழுதினால், எந்த எண்ணும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்து நின்றுவிடும்.

கண்டுபிடித்தவர் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். காப்ரேகர். முதுகலைப் பட்டம் கிடையாது. கணிதப் பேராசிரியர்கள் பலர் இதையெல்லாம் வெறும் விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். ஓய்வுபெற்ற பின் பென்ஷன் போதாமல் டியூஷன் எடுத்தார். 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 70.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'ஹர்ஷத்'. மகிழ்ச்சி தருவது என்று பொருள். 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டுகளும் வரிசையாக அந்த ரகம். தினமும் காலண்டர் தாளைக் கிழித்த நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? 1986இல் மறைந்த காப்ரேகர் இருந்திருந்தால் கட்டாயம் கவனித்திருப்பார்.