பட்டாளத்தாரும் பேனா பிடிக்கட்டும்!

தக்கலைக்கு அடுத்த புலியூர்க்குறிச்சியிலே உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அதனுள்ளே ஒரு டச்சுப் படைத்தலைவனின் கல்லறை இருக்கிறது. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரிலே மார்த்தாண்டவர்மரிடம் சிறைப்பட்ட டிலனாய்தான் அங்கே உறங்குபவர். சிறைப்பட்டவரை மன்னர் என்ன செய்தார்? தலையை வாங்கவில்லை, வாத்தியாராக்கினார்! திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையிலே பயிற்சி தந்து, கோட்டை கொத்தளங்களைச் செப்பனிட்டு, 1777-இல் இந்த மண்ணிலேயே மறைந்தார் அவர். ஆகவே, பட்டாளப் படிப்பு என்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல.

ஆனால் டிலனாய் கற்பித்தது அணிவகுப்பும் பீரங்கியும். படைக்கு உத்தரவிடும் உரிமை யாருக்கு, அந்த உரிமைக்கு எல்லை எது என்ற பாடத்துக்கு அன்று தேவையே எழவில்லை. மன்னர் சொன்னார், படை நடந்தது, தீர்ந்தது விவகாரம். இன்று நடப்பது குடியாட்சி. பாராளுமன்றம் ஒரு பக்கம், மாநில அரசு ஒரு பக்கம், நீதிமன்றம் ஒரு பக்கம், வரி கட்டும் மக்கள் எல்லாப் பக்கமும். இதற்கிடையே துப்பாக்கி ஏந்தும் அதிகாரி, துப்பாக்கியை மட்டும் படித்தால் போதுமா என்று கேட்கிறோம்.

அமெரிக்காவை அடிக்கடி மெச்சுகிற பழக்கம் நமக்குக் கிடையாது. என்றாலும் நல்லதைக் கண்டால் சொல்லத்தானே வேண்டும்! அங்கே கனெக்டிகட் மாநிலத்திலே நியூ லண்டன் என்று ஓர் ஊர். கடலோரக் காவற்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் நான்காண்டுக் கல்லூரி அங்கே நடக்கிறது. பொறியியலும் கடலியலும் படிப்போர் நடுவே, ஆட்சியியலைச் சிறப்புப் பாடமாக எடுப்போரும் உண்டு. இவர்கள் இறுதியாண்டிலே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஆராய்ந்து எழுதி, கேள்வி கேட்போர் முன் நின்று விடை சொல்ல வேண்டும். பிறகுதான் கப்பல். தரைப்படைக்கு ஆள் தரும் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியிலும் இறுதியாண்டு ஆய்வேடு என்ற வழக்கம் உண்டு. நாளைக்கு நூறு பேருக்கு ஆணையிடப் போகிற இளைஞன், தன் கைக்கு அந்த ஆணை எந்தச் சட்டத்தின் வழியாக வந்தது என்பதை ஒரு முறையாவது தானே தேடிக் கண்டு எழுதிப் பார்க்கிறான்.

நம் நாட்டிலே நிலை என்ன? கடலோரக் காவற்படை 1977-இல் தோன்றியது. 1978-இல் அதற்குச் சட்டம் வந்தது. அதன் இளம் அதிகாரிகள் பயிற்சி பெறுவது கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்திலே, ஏழிமலைக் கடற்படைக் கல்லூரியில். (சங்கப் புலவர் பாடிய நன்னனின் ஏழில்மலைதான் அது, பெயரைக் கேட்டாலே தமிழர் நெஞ்சு ஒரு கணம் நிமிரும்!) அங்கே கடற்படைக்காகப் படிக்கும் மாணவருக்குக் கிடைப்பது பொறியியல் பட்டம். காவற்படையின் பொதுப்பணி அதிகாரியாக வர விரும்புகிறவர் பட்டதாரியாக இருக்க வேண்டும். பள்ளியிறுதியிலே கணக்கும் பௌதிகமும் படித்திருக்க வேண்டும். குறை கூறவில்லை, கடலிலே திசை தவறினால் கவிதை காப்பாற்றாது, கணக்குத்தான் காப்பாற்றும். ஆயினும் ஆட்சியியல் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதற்குக் காரணமும் உண்டு.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் குமரியின் தெற்கே கடலைக் கலக்கிக்கொண்டு போயிற்று. இரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று தொடுத்த மாலைபோல் கிடக்கும் ஊர்களின் ஆண்மக்கள், கரைக்கு எட்டாத ஆழ்கடலிலே தங்கிச் சுறா பிடிக்கும் தொழிலாளர்கள். வாரக்கணக்கில் வீடு திரும்பாதவர்கள். புயல் என்ற அறிவிப்பு வந்தபோது அவர்கள் புறப்பட்டுப் பல நாள் ஆகியிருந்தது; கரையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழும் தொலைவிலும் அவர்கள் இல்லை. சில படகுகள் இலட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்துத் தேவ்கட்டிலும் கரை சேர்ந்தன. கடற்படையும் காவற்படையும் பலரை மீட்டன. அதை மறைப்பது அறமாகாது. ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை. இன்னும் தொலைவு போய்த் தேடுங்கள், இடம் தெரிந்த எங்களையும் கப்பலில் ஏற்றுங்கள் என்று கரை கதறிற்று. டிசம்பர் 7-இல் ஆயிரக்கணக்கானோர் குழித்துறை இரயில் நிலையத்திலே தண்டவாளத்தில் அமர்ந்தார்கள்.

அன்று காற்று மட்டுமா கொன்றது? நிர்வாகப் படத்தை எடுத்துப் பாருங்கள். மீன்வளம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே மாநிலப் பட்டியல், 21-வது இனம். கரையோரக் கடலெல்லையைத் தாண்டிய மீன்பிடிப்போ மத்தியப் பட்டியல், 57-வது இனம். எல்லை பன்னிரண்டு கடல் மைல். சுறா அந்த எல்லையைப் படித்ததில்லை! வானிலை ஆராய்ச்சி மத்தியில் ஓர் அமைச்சகம். காவற்படை பாதுகாப்பு அமைச்சகம். கரையோரக் காவல் மாநிலப் போலீசு. காவற்படைக்குள்ளேயும் ஒரு பங்கீடு: தமிழ்நாடு, சென்னையைத் தலைமையாகக் கொண்ட கிழக்கு வட்டாரம், கேரளமோ மும்பையைத் தலைமையாகக் கொண்ட மேற்கு வட்டாரம். தூத்தூர்க்காரரின் வீடு கிழக்கு வட்டாரத்தில், தூண்டில் மேற்கு வட்டாரத்தில். அவர் காணாமற்போனால் முதலில் பதறி எழ வேண்டிய அலுவலகம் எது? ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு இதைவிடப் பொருள் வேண்டுமா?

இன்னொரு பொருளும் சொல்வோம். உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு செல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய ஏற்பாடு. 2024-இல் வந்த புதிய சட்டத்திலும் அது நீடிக்கிறது. ஏழாண்டு! வீட்டு அடுப்பு ஏழாண்டு காத்திருக்குமா? ஒக்கியின்போது விதியைத் தளர்த்தி, திரும்பாதவர் குடும்பங்களுக்கும் மாநில அரசு 20 இலட்சம் ரூபாய் வழங்கிற்று. போராட்டம் வெடித்ததால் அந்த ஒரு தடவை கிடைத்த சலுகை அது. ஒரே ஒரு படகு, நாலே பேரோடு, புயலில்லாத மாதத்தில் மூழ்கினால்? யார் சான்று கொடுப்பது, எத்தனை நாளில் கொடுப்பது, தேடலை நிறுத்தினோம் என்று காவற்படை எழுதும் தாள் அந்த விதவைக்கு ஆதாரமாகுமா? இந்த வினாக்களுக்கு விடை தேட வேண்டியவர் நாளைக்கு அந்தத் தாளிலே கையெழுத்திடப் போகும் அதிகாரிதான்.

நம்மிடம் வழியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. நீலகிரியிலே வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரி இருக்கிறது. நடுத்தரப் பதவிக்கு வந்துவிட்ட அதிகாரிகள் ஓராண்டளவு அங்கே படித்து, ஆய்வேடு எழுதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் பெறுகிறார்கள். காவற்படையினரும் அங்கே வருகிறார்கள். நம் பல்கலைக்கழகம், நம் மலை! இரகசியமானவை இரகசியமாகவே இருக்கட்டும். மீனவரைத் தேடும் முறையிலே என்ன இரகசியம்? அத்தகைய ஆய்வேடுகள் தமிழிலே சுருக்கப்பட்டு, நாகர்கோவில் நூலகத்துக்கும் தூத்தூர்க் கடற்கரைக்கும் வந்தால் பாதுகாப்புக்கு என்ன பங்கம்?

பட்டாளத்தார் அரசியல் படித்தால் அரசியலிலே தலையிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. அண்டை நாடுகளின் கதையைக் காட்டுவார்கள். நாம் நினைப்பது வேறு. குடியாட்சியின் வரம்பை அறியாத துப்பாக்கிதான் வரம்பு மீறும். சட்டத்தைத் தன் கையாலே தேடி எழுதியவனுக்கு, அது பிறர் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடாக இராது.

ஆகவே நாம் கேட்பது பெரிய செலவல்ல. காவற்படைக்குச் சேரும் ஒவ்வோர் இளைஞரும் பயிற்சி முடிக்குமுன் குடியாட்சி நிர்வாகத்தைப் பற்றி ஓர் ஆய்வு எழுதட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் நாலைந்து பேராவது நம் கடற்கரைக்கு வரட்டும். ஒரு மாதம் இருக்கட்டும். படகுத் தலைவர்களிடம் கேட்கட்டும், கணவனை இழந்த பெண்களிடம் கேட்கட்டும், மீன்துறை அலுவலகத்திலே கோப்பைப் புரட்டட்டும். எழுதியதை ஊரார் முன்னே படித்துக் காட்டட்டும். தூத்தூர்க் கிழவர் ஒருவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லி மீள்வது பேராசிரியருக்கு விடை சொல்வதைவிடக் கடினம் என்பதையும் கண்டுகொள்ளட்டும். ஏழிமலையை அடுத்த பையனூரில் இரயிலேறினால், தெற்கே வரும் அதே இருப்புப்பாதை குழித்துறையிலே கொண்டுவந்து இறக்கிவிடும். 2017 டிசம்பரிலே மக்கள் குறுக்கே அமர்ந்த பாதைதான் அது.